பிள்ளைக்குக் காற்றுப் படட்டும்

எங்கள் வீட்டில் பிள்ளையை வாசலுக்குத் தூக்கினாலே அம்மாவின் குரல் கேட்கும்: "காத்துப் படப்போகுது, தொப்பியைப் போடு." கம்பளித் தொப்பி, காலுறை, மேலே ஒரு துவாய். இது கொழும்பு வெள்ளவத்தையில், ஏப்ரல் மாதம், பின்னேரம் நாலு மணிக்கு. மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நானும் அம்மா சொன்னபடி எல்லாம் போட்டு, வெயில் படாமலிருக்கத் தள்ளுவண்டியின் முன்பக்கத்தையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு கடலோர மரைன் டிரைவில் நடந்தேன். இருபது நிமிடம் கழித்துத் துணியை விலக்கினால், முகம் சிவந்து, பின்கழுத்து நனைந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். தொப்பியைக் கழற்றி, நிழலில் நின்று, கடல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். சில நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். எந்தக் காற்றுக்குப் பயந்து மூடினோமோ அதே காற்றுதான் அவளைத் தெளிய வைத்தது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன். பிள்ளையை வெளியே கொண்டுபோக ஆசைப்படும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சின்ன உடம்பு வெப்பத்தை எப்படிக் கையாளுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தெரிந்தால் பயம் குறையும், கவனம் கூடும்.

பானையில் சோறு ஒரு மணி நேரமானாலும் சுடும். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, பிள்ளைக்கு ஊட்ட உருட்டினால், உள்ளங்கையிலேயே ஆறிவிடும். சோறு ஒன்றுதான். ஆனால் சின்ன உருண்டைக்கு அதன் எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம், வெப்பம் அந்த மேற்பரப்பு வழியாகத்தான் போகிறது. பிள்ளையின் உடம்பும் அப்படித்தான். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்குத் தோலின் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீற்றர். மூன்றரைக் கிலோகிராம் எடையில் பிறக்கும் பிள்ளைக்கு ஏறத்தாழ 0.22. கணக்குப் போட்டால், ஒரு கிலோகிராம் எடைக்குப் பிள்ளையிடம் நம்மைவிட இரண்டரை மடங்கு தோல் இருக்கிறது. குளிரில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், வெக்கையில் சீக்கிரம் சூடேறிவிடும். போதாததற்கு, ஒரு கிலோகிராமுக்குப் பிள்ளையின் அனுசேபம் (உணவை எரித்துச் சக்தியாக்கும் உடம்பின் வேலை) உண்டாக்கும் வெப்பமும் நம்முடையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. வளருகிற உடம்பு அல்லவா, அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்.

அந்த வெப்பம் வெளியேற வேண்டும். பெரியவர்களுக்குக் கைகொடுப்பது வியர்வை. வியர்வைச் சுரப்பிகள் பிறக்கும்போதே முழு எண்ணிக்கையில் இருக்கின்றன. ஆனால் பிள்ளையில் அவை ஒவ்வொன்றும் சுரப்பது கொஞ்சம்தான். அதனால் பிள்ளையின் உடம்பு வேறொரு வழியில் அதிகம் தங்கியிருக்கிறது: தோலுக்கு அடியில் இருக்கும் நுண்குழாய்களை விரித்து, உள்ளேயிருக்கும் சூடான இரத்தத்தை மேலே கொண்டுவந்து, வெப்பத்தைக் காற்றிடம் கையளிக்கிறது. வெயிலில் பிள்ளையின் முகம் சிவப்பது அதனால்தான். கருநிறப் பிள்ளைகளில் சிவப்புத் தெரியாமல் போகலாம். பின்கழுத்தையும் நெஞ்சையும் தொட்டுப் பார்ப்பதே நம்பகமானது. கைகால் குளிர்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இனித் தலை. பெரியவரின் உடற்பரப்பில் தலையும் கழுத்தும் சேர்ந்து ஏறக்குறைய 9 சதவீதம். கைக்குழந்தையில் அது 18 சதவீதத்துக்குக் கிட்ட வரும். அந்தத் தலைக்குக் கம்பளித் தொப்பி போடுவது, வெப்பம் போகும் வாசல்களில் பெரிய ஒன்றை அடைப்பதற்குச் சமம். வெயிலுக்கு அகன்ற விளிம்புள்ள பருத்தித் தொப்பி வேண்டும். நிழலுக்கு வந்ததும் அதையும் கழற்றிவிடலாம்.

கொழும்பின் வெக்கைக்கு நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: புழுக்கம். சூட்டோடு ஈரமும் சேர்ந்து, காற்றும் அசையாத நிலை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இது சாப்பாட்டுப் பெட்டிகளில் போட்டிருக்கும் கலோரி அல்ல, அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆவியாகாமல் வழிந்து துணியில் ஊறும் வியர்வை ஏறக்குறைய எதையும் எடுத்துப் போவதில்லை. கொழும்பில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலே நிற்பதால், காற்றில் புதிய நீராவிக்கு இடம் குறைவு. அத்துடன் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் நிற்கிறது. நம் உடம்பே அதைச் சூடாக்கி ஈரமாக்கி வைத்திருக்கிறது. காற்று அசையாவிட்டால் பிள்ளை அந்தப் படலத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஒரு சின்ன வீச்சு வந்தால் போதும், படலம் கலைந்து புதுக்காற்று தோலைத் தொடும்.

இதில் கொழும்புக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தோலின் வெப்பநிலை 34, 35 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கொழும்பில் நண்பகல் வெப்பநிலை வழமையாக 30 முதல் 32 வரைதான். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வீசும் ஒவ்வொரு காற்றும் வெப்பத்தை வாங்கிக்கொண்டுதான் போகும். வவுனியாவில் சித்திரை வெயில் 36 பாகையைத் தாண்டும் நாட்களில் கதை வேறு. அங்கே நண்பகல் காற்று பிள்ளைக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், வீட்டுக்குள் இருப்பதே நல்லது. காலிமுகத்திடலில் பின்னேரம் கடலிலிருந்து வீசும் காற்றுக்கு விலையே சொல்ல முடியாது. அந்தத் திடல் 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் உருவாக்கப்பட்டது. அன்று முதல் இந்த நகரம் அங்கேதான் காற்று வாங்கப் போகிறது.

சரி, தள்ளுவண்டிக்கு வருவோம். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து 2023 இல் வெளியிட்டார்கள். உலர்ந்த மெல்லிய துணியால் வண்டியை மூடியபோது உள்ளே வெப்பநிலை இரண்டரைப் பாகைக்கு மேல் கூடியது. அதே துணியை நனைத்துப் போட்டு, ஒரு சின்ன மின்விசிறியையும் பொருத்தியபோது நாலரைப் பாகைக்கு மேல் குறைந்தது. நமது ஈரக்காற்றில் நனைத்த துணி அவ்வளவு குளிர்த்தும் என்று எதிர்பார்க்க முடியாது, துணியும் ஆவியாதலை நம்பித்தானே இருக்கிறது. என் தீர்மானம்: துணியே வேண்டாம். வண்டியின் கூரையை மட்டும் விரித்து, இரு பக்கமும் காற்று ஓட விட வேண்டும். நுளம்புக்கு வலை போடலாம், அதன் கண்களுக்குள்ளால் காற்று போகும். டெங்குவைப் பரப்பும் நுளம்பு அதிகம் கடிப்பது காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும், அதாவது நாம் பிள்ளையை வெளியே கொண்டுபோகும் அதே நேரத்தில். எனவே வலையும், கைகாலை மூடும் மெல்லிய பருத்திச் சட்டையும் கட்டாயம்.

நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் பைகள் இப்போது பரவலாகிவிட்டன. இரண்டு உடம்புகள் ஒட்டும் இடத்தில் வெப்பம் போக வழியில்லை. அம்மம்மாமார் இடுப்பில் தூக்கிய முறையில் பிள்ளையின் ஒரு பக்கம் மட்டுமே ஒட்டும், முதுகும் கால்களும் காற்றில் இருக்கும். நம் காலநிலைக்கு அதைவிடப் பொருத்தமான முறையை நான் காணவில்லை. பைதான் வேண்டுமென்றால் கால் மணிக்கொரு தரம் வெளியே எடுத்துக் காற்றாட வைக்க வேண்டும்.

நிழலிலும் வகை உண்டு. வெயிலில் தகரம் கொதிக்கிறது, கீழே இருப்பவர் மேல் அந்த வெப்பத்தைக் கதிராக இறக்குகிறது. இலை தன் நுண்துளைகளால் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் அவ்வளவு சூடாவதில்லை. விகாரமகாதேவிப் பூங்காவின் பெரிய மரங்களின் கீழே போனால் ஆறுதலாக இருப்பது இதனால்தான். பெத்தகான ஈரநிலப் பூங்காவின் மரப்பாதையும் எங்களுக்குப் பிடித்த இடம். மகள் முதன்முதலில் ஒரு கொக்கைப் பார்த்துக் கைநீட்டியது அங்கேதான்.

வெயிலைப் பற்றி ஒரு கணக்கு. கொழும்பு ஏறத்தாழ 6.9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரம் முடியும் தறுவாயில் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை. அந்த நாட்களில் காலை ஒன்பதேகாலிலிருந்து பின்னேரம் மூன்றேகால் வரை உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும். நிழல் குட்டையென்றால் கழியூதாக் கதிர் பலமாக விழுகிறது என்று பொருள். பிள்ளையின் மேற்றோல் மெல்லியது, அதைக் காக்கும் மெலனின் என்ற நிறப்பொருளும் இன்னும் முழுதாக உருவாகியிராது. ஆறு மாதத்துக்குள் வெயிற்பூச்சுக்குப் பதிலாக நிழலையும் துணியையும் நம்பச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். கடற்கரையில் உலர்ந்த மணல் அந்தக் கதிரில் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதால், குடையின் கீழே இருந்தாலும் கொஞ்சம் வந்து படும்.

தாகத்துக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், அதில் ஏறக்குறைய 88 சதவீதம் நீர்தான். வெக்கை நாளில் அடிக்கடி கொடுக்க வேண்டும். தனித் தண்ணீர் கொடுத்தால் முதிராத சிறுநீரகத்தால் அதைச் சமாளிக்க முடியாமல் இரத்தத்தில் சோடியம் குறையலாம். உச்சிக்குழி பள்ளமாவது, பம்பர்ஸ் வெகுநேரம் நனையாமலிருப்பது, எழுப்ப எழுப்பச் சோர்ந்து கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அம்மாவின் பேச்சில் உண்மை இல்லாமலில்லை. போன மாதம் காலிமுகத்திடலில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஓடி முச்சக்கரவண்டி ஏறுவதற்குள் மகள் நனைந்துவிட்டாள். வண்டி ஓடத் தொடங்கியதும் இரு பக்கமும் காற்று அடித்தது. ஈரத்துணியில் காற்றுப் பட்டால் ஆவியாதல் வேகமெடுக்கும், அந்த இரண்டரை மடங்கு தோல் வழியாக வெப்பம் கொட்டும். சின்னப் பிள்ளைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள வராது. தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் கபிலக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும், அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நனைந்த சட்டையைக் கழற்றித் துடைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா தன் கைப்பையைத் திறந்து துவாயை எடுத்தார், பிறகு அந்தக் கம்பளித் தொப்பியையும். இந்தமுறை நானே வாங்கிப் போட்டுவிட்டேன்.