ஏற்காட்டுக் குளிரில் தோல் ஏன் கறுக்கிறது?

சேலத்து வெயிலுக்குக் குடை பிடிப்பவர்கள்கூட, ஏற்காட்டில் காற்று சில்லென்று அடித்தால் அதை மடக்கி வைத்துவிடுகிறார்கள். தோலைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர். சூட்டை வைத்து அதை அளக்க முடியாது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மேகமில்லாத நாளில், சேலம் ஐந்து ரோட்டில் நிற்பவரைவிட ஏற்காட்டு ஏரிக்கரையில் நிற்பவர் மேல்தான் கதிர் அதிகம் விழும். மெல்லிய மேகம் இருந்தாலும் பெரிதாகத் தடுக்காது.

அன்று மாலையே முகம் கறுத்துத் தெரிந்தால், அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருள், ஏற்கெனவே இருந்தது, ஆக்சிஜனேற்றம் அடைந்ததன் விளைவு. பெரும்பாலும் சீக்கிரம் மங்கிவிடும். நிலைக்கிற கறுப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். மேல்தோல் செல்லின் டி.என்.ஏ. கதிர் பட்டுச் சேதமானதும், பி53 என்ற புரதம் விழித்துக்கொண்டு ஒரு ஹார்மோனைச் சுரக்க வைக்கும். அது பக்கத்திலிருக்கும், மெலனின் தயாரிக்கும் மெலனோசைட் செல்லை முடுக்கிவிட, அங்கே டைரோசினேஸ் என்ற நொதி டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றத் தொடங்கும். ஒரு மெலனோசைட் தன் நீண்ட கைகள் வழியாகச் சுமார் 36 செல்களுக்கு மெலனின் பொட்டலங்களை அனுப்புகிறது. அவை டி.என்.ஏ. இருக்கும் செல்கருவின் மேல், வெயில் விழும் பக்கமாகப் பார்த்துத் தொப்பி போலக் கவிழ்ந்துகொள்ளும். ஆக, கறுப்பு என்பது சேதம் நடந்த பிறகு வருகிற காவல்.

சிவப்பானவருக்கும் கறுப்பானவருக்கும் மெலனோசைட் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. பொட்டலங்களின் அளவு, வகை, அவை எவ்வளவு சீக்கிரம் சிதைகின்றன என்பவைதான் வேறு. நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஃபோலேட் சத்தைக் கதிர் சிதைக்காமல் காக்கக் கறுப்பு நிலைத்தது, வெயில் குறைந்த வடக்கில் வைட்டமின் டி தயாரிக்க நிறம் வெளுத்தது என்பது 2000இல் ஜப்லோன்ஸ்கி, சாப்ளின் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். நிறத்தில் பெரிய பங்குள்ள எஸ்.எல்.சி.24ஏ5 மரபணுவை 2005இல் வரிக்குதிரை மீனிலிருந்து பிடித்தார்கள். அதன் வெளுப்பு வடிவம் வட இந்தியாவில் அதிகம், தமிழ்நாட்டிலும் உண்டு. இன்னும் பல மரபணுக்களும் சேர்வதால், ஒரே வீட்டில் அண்ணன் மாநிறமாகவும் தங்கை கறுப்பாகவும் இருப்பார்கள்.

ஏறிய கறுப்பு, மேல்தோல் உதிர உதிரச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அதற்குள் அவசரப்பட்டு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம்தான் வம்பு: தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பாதரசம் கலந்த கிரீம் டைரோசினேஸை முடக்கும்; கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். சன்ஸ்கிரீன் என்றால் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. காதும் பிடரியும்தான் வழக்கமாக விட்டுப்போகும்.