ஆன்டெனாவை மாற்றும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

ஹாம் நண்பர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் வைத்து இயக்கும் அமெச்சூர்கள், என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "80 மீட்டரில் இரைச்சல் எஸ்8-க்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது, எந்த ஆன்டெனா போட்டா சரியாகும்?" (80 மீட்டர் என்பது 3.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பேண்டு. எஸ்8 என்பது ரிசீவரின் எஸ் மீட்டர் காட்டும் பல அளவு, எண் ஏற ஏற பலம் அதிகம்.) மின்காந்த இடையூறு சோதனை என் தொழில். சார்ஜர், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றையும் மேசையில் வைத்து அவை எவ்வளவு இரைச்சலைக் கக்குகின்றன என்று அளப்பதுதான் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேள்வி ஆன்டெனாவைப் பற்றி வந்தாலும் பதில் பெரும்பாலும் ஆன்டெனாவில் இருப்பதில்லை. அந்த வீட்டின் மின்கம்பிகளில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டிருக்கும் பி.372 என்ற பரிந்துரை, மனிதர்கள் உண்டாக்கும் ரேடியோ இரைச்சல் எந்த அலைவரிசையில் எவ்வளவு இருக்கும் என்று ஒரு சூத்திரம் தருகிறது. குடியிருப்புப் பகுதிக்கு அதைப் போட்டுப் பார்த்தால் 1.8 மெகாஹெர்ட்ஸில் அடிப்படை வெப்ப இரைச்சலைவிட 65 டெசிபெல் (10 டெசிபெல் என்றால் திறனில் பத்து மடங்கு), 3.6-இல் 57, 7-இல் 49 என்று வருகிறது. இன்றைய சாதாரண ரிசீவர் ஒன்று தானாகச் சேர்க்கும் இரைச்சல் 10 முதல் 20 டெசிபெல்தான். அதாவது 80 மீட்டரில் ஆன்டெனா வழியாக உள்ளே வரும் இரைச்சல், ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட 40 டெசிபெல் அளவுக்கு மேலே நிற்கிறது. எஸ்எஸ்பி என்ற பேச்சு முறைக்கு ரிசீவர் எடுக்கும் அலைவரிசை அகலத்துக்கு மாற்றினால் இது கிட்டத்தட்ட எஸ்7. ஆக, குடியிருப்பில் எஸ்7 காட்டினால் உங்கள் செட்டில் எந்தக் கோளாறும் இல்லை, ஊர் சராசரியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். எஸ்9-ஐத் தாண்டினால்தான் யாரோ பக்கத்தில் தனியாக வேலை காட்டுகிறார்கள்.

இதிலிருந்து உடனே கிடைக்கும் ஒரு பாடம் இலவசம். தாழ்ந்த பேண்டுகளில் ப்ரீஆம்ப் (சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் சுற்று) வேண்டாம், அணைத்துவிடுங்கள். இன்னும் ஒரு படி மேலே போய் 10 அல்லது 20 டெசிபெல் அட்டென்யூவேட்டரைப் போடுங்கள். "சிக்னலே பலவீனம், அதையும் ஏன் குறைக்கணும்?" என்று கேட்பார்கள். சிக்னல் குறையும் அளவுக்கே இரைச்சலும் குறைகிறது, இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது, ஆனால் ரிசீவரின் முன்பகுதி பக்கத்து ஒலிபரப்பு நிலையங்களின் பலத்த சிக்னல்களால் திணறாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள், ஸ்பீக்கரில் இரைச்சல் சட்டென்று அடங்குகிறதா? அடங்கினால் ரிசீவருக்குத் தேவையான கூர்மை ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மேல் பணம் போடுவதில் பயனில்லை. எஸ் மீட்டர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் பழக்கத்தையும் இந்த பேண்டுகளில் விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை மட்டும்.

இதை நூறு வருடத்துக்கு முன்பே நிரூபித்துவிட்டார்கள். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று சோதிக்க பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனுக்கு அனுப்பினார்கள். கடற்கரையோரம் கூடாரம், கடுங்குளிர், மழை. 200 மீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் அவர் கேட்டது ஹெரால்ட் பெவரேஜ் கண்டுபிடித்த வகை ஆன்டெனாவில்: தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில், சிக்னல் வரும் திசையை நோக்கி நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும் ஒற்றைக் கம்பி. அனுப்புவதற்கு அது சுத்த உதவாக்கரை. கெயினை, அதாவது சிக்னலைப் பிடிக்கும் திறனைப் பார்த்தால் சாதாரண இரட்டைக் கம்பி ஆன்டெனாவான டைபோலைவிட பத்துப் பதினைந்து டெசிபெல் கீழே இருக்கும். ஆனால் ஒரு திசையிலிருந்து மட்டும் கேட்பதால் மற்ற எல்லாத் திசை இரைச்சலும் அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. அனுப்ப ஒரு ஆன்டெனா, கேட்க வேறொரு ஆன்டெனா என்பது 160 மீட்டர் (1.8 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுக்காரர்களுக்கு இன்றும் வேதவாக்கு.

சரி, இப்போது இரைச்சலைப் பிடிப்போம்.

ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட விடுங்கள். இரைச்சல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். நான் பார்த்தவரை, தொல்லை என்று கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஒரு நொடியிலேயே எஸ் மீட்டரின் முள் விழுந்துவிடும். அதுவரை பக்கத்து வீட்டைக் குறை சொன்னவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விழவில்லை என்றால் உடனே வெளியில்தான் மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். யுபிஎஸ், பேட்டரி வைத்த இன்வெர்ட்டர், லேப்டாப் எல்லாம் மெயின் போன பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும், யுபிஎஸ் பேட்டரிக்கு மாறியதும் முன்பைவிட மோசமாகவே கத்தும். அவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்த பிறகே தீர்ப்பு. விழுந்தது என்றால், ஃப்யூஸ் பெட்டியில் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எந்த சர்க்யூட்டில் முள் ஏறுகிறதோ அந்த அறைக்குப் போய் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். கையில் ஒரு சின்ன மீடியம்வேவ் ரேடியோ இருந்தால் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, சந்தேகப்படும் கருவியின் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு கைரேகை உண்டு. சார்ஜர்களில் இருக்கும் சுவிட்ச் மோட் பவர் சப்ளை என்றால் வாட்டர்ஃபாலில் (அலைவரிசைகளைப் படமாக ஓடவிடும் திரையில்) 50, 60, 100 கிலோஹெர்ட்ஸ் என்று சமமான இடைவெளியில் திண்டு திண்டாக நிற்கும், கருவி சூடாகச் சூடாக அந்தத் திண்டுகள் மெல்ல நகரும். சோலார் இன்வெர்ட்டர் என்றால் சூரியனோடு வந்து சூரியனோடு போகும், மேகம் மறைத்தால் குரல் மாறும். ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒருமுறை "டிக்" என்றால் மின்வேலி. வாஷிங் மெஷின், ஏசி போன்றவற்றில் உள்ள வேகம் மாற்றும் மோட்டார்கள் ஏறி இறங்கும் ஒரு கரகரப்பைத் தரும். இவற்றைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால் பாதி வேலை காதிலேயே முடிந்துவிடும்.

"தரச்சான்று பெற்ற சார்ஜர்தானே, அது எப்படி இரைச்சல் போடும்?" இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மின்கருவிகளின் இரைச்சலுக்கு வரம்பு விதிக்கும் சிஸ்பர் 32 போன்ற சர்வதேசத் தரநிலைகளில் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, கருவி காற்றில் எவ்வளவு வீசுகிறது என்று அளப்பதில்லை. மெயின் கம்பிக்குள் எவ்வளவு தள்ளுகிறது என்றுதான் அளக்கிறோம். வீட்டு உபயோகக் கருவிக்கு 0.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை உச்ச வரம்பு 56 டெசிபெல் மைக்ரோவோல்ட், அதாவது 600 மைக்ரோவோல்ட்டுக்குச் சற்று மேல். எஸ்9 என்பது 50 மைக்ரோவோல்ட். வரம்புக்குள் ஒழுங்காக நடந்துகொள்ளும் கருவியே எஸ்9-ஐப் போலப் பன்னிரண்டு மடங்கு மின்னழுத்தத்தை உங்கள் சுவருக்குள் ஓடும் கம்பியில் ஏற்றலாம், அதுவும் ஒரே ஒரு கருவி. அந்தக் கம்பி வீடு முழுக்க ஓடுகிறது, அதுதான் இரைச்சலுக்கு ஆன்டெனா. சான்றே இல்லாத மலிவுச் சரக்கின் கதை வேறு. திறந்து பார்த்தால் பலகையில் ஃபில்டர் காயிலுக்கு இடம் அச்சிட்டிருக்கும், ஓட்டைகூடப் போட்டிருக்கும், காயில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பித்துண்டுகளைச் சால்டர் வைத்து ஒட்டியிருப்பார்கள். மாதிரிக்கு அனுப்பிய முதல் பீஸில் மட்டும் அந்தக் காயில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அதற்கு ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டிச் சீராட்டுவதைவிடத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவது மேல். (திறந்து பார்ப்பது என் தொழில். நீங்கள் செய்யாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.)

இந்த இரைச்சல் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும் முக்கியமான வழி காற்று அல்ல, ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளில் உள்ள உலோகப் பின்னலின் வெளிப்பக்கம். கேபிளின் ஒரு முனை ரேடியோ வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, எர்த் கம்பியில் வீட்டுக் கருவிகளின் இரைச்சல் எல்லாம் ஓடுகிறது, அது பின்னலின் வெளிப்பக்கமாக ஏறி ஆன்டெனா முனையில் போய் உள்ளே திரும்பி சிக்னலோடு சிக்னலாக வந்துவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் காமன் மோட் சோக், அதாவது பின்னலின் வெளிப்பக்கம் ஓடும் மின்னோட்டத்துக்கு மட்டும் தடை போடும் ஃபெரைட் சுற்று. கேபிளின் மேல் ஒரே ஒரு கிளிப் ஃபெரைட்டை மாட்டிவிட்டு "பலனில்லை" என்பவர்கள் அதிகம். எப்படி இருக்கும்? 1.8 மெகாஹெர்ட்ஸில் ஒரு முறை நுழைந்து போகும் ஃபெரைட் தருவது சில பத்து ஓம்தான், நமக்கு வேண்டியது சில ஆயிரம். தடை, சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும். 31 என்று எண்ணிட்டு விற்கும் ஃபெரைட் கலவையில் செய்த பெரிய வளையத்தில் மெல்லிய கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் நூறு மடங்குக்கு மேல் கிடைத்துவிடும். ஒன்றை ஆன்டெனா ஊட்டும் இடத்தில் வையுங்கள், இன்னொன்றைக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில். மலிவாகக் கிடைக்கிறதே என்று வகை தெரியாத வளையத்தை வாங்காதீர்கள், கலவை மாறினால் எல்லாம் மாறிவிடும். அப்புறம், இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மின்சாரத்தின் பாதுகாப்பு எர்த்தைக் கழற்றும் விபரீதம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சோக் போட்டபின் தூரம். ஒரு மூலத்தின் அருகாமைப் புலம் அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு தூரம் வரை நிற்கும், 1.8 மெகாஹெர்ட்ஸில் 26 மீட்டர், 3.6-இல் 13 மீட்டர். இந்த எல்லைக்குள் புலம் மிக வேகமாகச் சரிவதால் கேட்கும் ஆன்டெனாவை வீட்டுச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வைப்பதே பெரிய மாற்றம் தரும். பெவரேஜுக்கு இடம் யாரிடம் இருக்கிறது! அதனால் ஒரு மீட்டர் விட்டமுள்ள லூப் (வளைய ஆன்டெனா) போதும். அதைத் திருப்பினால் இரு பக்கமும் ஆழமான செவிட்டுத் திசை ஒன்று வரும். அதை இரைச்சல் வரும் பக்கம் காட்டுங்கள். வானத்திலிருந்து சாய்ந்து இறங்கும் தூரத்துச் சிக்னல் அதில் அவ்வளவாக அடிபடாது. "கவசம் போட்ட லூப் மின்புல இரைச்சலைத் தடுக்கும், காந்தப்புலச் சிக்னலை மட்டும் விடும்" என்று விளம்பரம் செய்கிறார்கள், நம்பாதீர்கள். கவசம் செய்வது லூப்பைச் சமச்சீராக்குவது, அதனால் கேபிள் வழி வரும் இரைச்சல் குறைகிறது, அவ்வளவுதான். அதையே நல்ல சோக்கும் செய்யும்.

137 கிலோஹெர்ட்ஸ், 472 கிலோஹெர்ட்ஸ் பேண்டுகளில் கேட்கப் பலரும் வைக்கும் சின்ன ஆக்டிவ் விப் ஆன்டெனாவும் (குட்டித் தகடும் பெருக்கியும் சேர்ந்தது) இதே கதைதான். அந்தக் குட்டித் தகடு தன்னைத் தாங்கும் கம்பத்துக்கும் தனக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. கம்பமும் கேபிளும் வீட்டு எர்த்தில் தொங்கினால் வீட்டு இரைச்சலை அப்படியே வாசித்துக் காட்டும். கம்பத்தின் அடியில் தனி எர்த், கேபிளில் சோக், பவருக்குச் சுத்தமான சப்ளை. இது மூன்றும் இல்லாமல் அந்த ஆன்டெனாவைத் திட்டுவதில் நியாயமில்லை.

இடி மின்னலுக்கு மட்டும் மருந்து கிடையாது. இரவில் அயனிமண்டலத்தில் தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கும் டி அடுக்கு மறைந்ததும் தூரத்துச் சிக்னல் வரும் அதே பாதையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் மின்னலும் வந்து சேரும். அதற்குத் திசை பார்க்கும் ஆன்டெனாதான் கொஞ்சம் உதவும். ரிசீவரில் இருக்கும் நாய்ஸ் பிளாங்கர் (துடிப்பு வரும் கணத்தை மட்டும் ஊமையாக்கும் சுற்று) மின்வேலி போன்ற துடிப்புக்குச் சரி, சார்ஜர் இரைச்சலில் அது ஒன்றும் செய்யாது, பலத்த சிக்னல் பக்கத்தில் இருந்தால் புதுக் குப்பையை உண்டாக்கும். இரண்டு ஆன்டெனாக்களைக் கழித்துப் பார்க்கும் நாய்ஸ் கேன்சலர் அருமையான கருவி, ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மூலத்தைத்தான் அழிக்கும், ஐந்து சார்ஜர் ஓடும் வீட்டில் அதை வாங்குவது வீண்.

மெயினை அணைத்தும் போகாத, நொடிக்கு நூறு அல்லது நூற்றிருபது முறை உறுமும் சத்தம் என்றால் மின்கம்பத்தில் எங்கோ தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கிறது. நல்ல வெயில் நாளில் கத்தி, மழை பெய்தால் நின்றுவிடும் என்பது அதன் அடையாளம். தாழ்ந்த பேண்டில் தேடினால் கம்பி நெடுகப் பரவி எல்லாக் கம்பமும் குற்றவாளியாகத் தெரியும். அதனால் நெருங்க நெருங்க அலைவரிசையை ஏற்றிக்கொண்டே போங்கள், விமான பேண்டில் 130 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஏஎம்மில் கையடக்க யாகியை (ஒரு திசையை நோக்கும் ஆன்டெனா) வைத்துக் கேட்டால் ஒரே கம்பம் தனியாகத் தெரியும். தட்டிப் பார்க்கவோ, ஸ்டே கம்பியைப் பிடித்து ஆட்டவோ கூடாது, உயிர் போகிற வேலை. கம்பத்தின் எண், நாள், நேரம், வானிலை, அரை நிமிட ஒலிப்பதிவு, இவற்றைச் சேர்த்து மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள். அது தீப்பிடிக்கும் அபாயமும் உள்ள பழுது என்பதால், ரேடியோ தொல்லை என்று எழுதுவதைவிடத் தளர்ந்த இணைப்பில் பொறி என்று எழுதினால் ஆள் சீக்கிரம் வருவார்.