கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் தட்டிக்கழிக்காதீர்கள்

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், ஐந்து நாள் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்குப் பிறகு மூச்சுத் திணறலுடன் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். முதல் நாளே மருத்துவரிடம் சென்றிருக்கிறார். கையிலிருந்த சீட்டில் பாராசிட்டமாலுக்குக் கீழே, 'கர்ப்பிணி, மகப்பேறு மருத்துவரைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. மகப்பேறு மருத்துவரோ காய்ச்சலைப் பொது மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கட்டுப்படுத்தும் ஓசல்டாமிவிர் மாத்திரை நன்கு பலனளிக்கும் முதல் 48 மணி நேரம் இந்த அலைச்சலிலேயே கழிந்துவிட்டது. தாயும் சிசுவும் பிழைத்தனர் என்றாலும், மழைக்காலம்தோறும் இப்படி ஒருவரையாவது பார்க்க நேர்வது மனத்தை வருத்துகிறது.

இதற்கெல்லாம் வேர், 'கர்ப்பமாக இருக்கும்போது மருந்தே சாப்பிடக் கூடாது' என்ற எண்ணம். மாமியார் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், சில சமயம் மருத்துவரும் சொல்கிறார். தவிர்க்க வேண்டிய மருந்துகள் உண்டு என்பது உண்மை. அதற்காக எல்லா மருந்தையும் நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது, நோயைத் தடையின்றி வளரவிடுவதே ஆகும். 2009-ஆம் ஆண்டின் எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பெருந்தொற்றில், அமெரிக்க மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 சதவீதமே இருந்த கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தவர்களில் சுமார் 5 சதவீதமாக இருந்தார்கள். அவர்களில் பலருக்கு மருந்து தாமதமாகத்தான் தொடங்கப்பட்டது. ஓசல்டாமிவிரைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம்; பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சிறு பூச்சிக்கடியால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தயக்கம் தந்தால், அசித்ரோமைசின் என்ற மாற்று ஆன்டிபயாடிக் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்து கொடுப்பதுதானே மருத்துவர்களான நம் வேலை?

தடுப்பூசியிலும் இதே கதைதான். இந்தியாவில் 2021 ஜனவரி 16-இல் கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2-இல், இரண்டாம் அலை அடித்து ஓய்ந்த பிறகு. அதன் பின்னும் 'பிரசவம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்ன நம்மவர்கள் உண்டு.

புதிய நோயை முதலில் அடையாளம் காணும் வாய்ப்பும் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நமக்கே பல நேரம் அமைகிறது. பிரேசிலின் கம்பினா கிராந்தி நகரைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் அட்ரியானா மெலோ, ஸ்கேனில் சிசுக்களின் மூளை வளர்ச்சிக் குறையைக் கண்டு, பனிக்குட நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியதால்தான் 2015 நவம்பரில் அதில் கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் இருப்பது தெரியவந்தது. 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று கண்டறியப்பட்டதும் திருவனந்தபுரத்தில் ஒரு கர்ப்பிணியிடம்தான்.

இளம் மருத்துவர்களுக்கு ஒன்று: கர்ப்பத்தில் இரத்தம் நீர்த்திருப்பதால் ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) இயல்பாகவே குறைந்திருக்கும், டெங்குவில் அது 40 சதவீதத்தைத் தொட்டால் 'நார்மல்' என்று விட்டுவிடாமல் பிளாஸ்மா கசிவை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியேறுவதை, சந்தேகியுங்கள்.

கர்ப்பிணிகளே, காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து நேரம் தொடங்குகிறது; அப்போது வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும், இரவென்றும் பாராமல் 108-ஐ அழையுங்கள்.