கச்சானில் காயும் செவ்வரத்தம்பூ

ஆனி மாதம் விறாந்தையில் சுளகில் பரப்பிய செவ்வரத்தம்பூ இரண்டு நாளில் மொறுமொறுவென்று காய்கிறது. கார்த்திகையில் அதே மூலையில் வைத்தால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஏன் என்று மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கறுப்பது, நறுக்கிய கத்தரிக்காய் கறுக்கிற அதே கதைதான். வாடும் இதழில் கலங்களின் மென்சவ்வு சிதைந்து, நொதியமும் (என்சைம்) பீனோல் என்னும் சேர்மமும் கலந்து, காற்றுப் பட்டுக் கறுக்கின்றன. ஈரம் சட்டென்று போய்விட்டால் நொதியம் முடங்கிவிடும். அதற்காக நேர் வெயிலில் போட்டால் சிவப்பைத் தரும் அந்தோசயனின் வெளிறும். ஆக, நிழலும் காய்ந்த காற்றும் வேண்டும்.

அந்தக் காற்றுத்தான் கச்சான். (நாங்கள் கச்சான் என்கிற நிலக்கடலையைச் சொல்லவில்லை!) வைகாசி தொடங்கி மேற்கிலிருந்து வீசும் இந்தச் சூட்டுக்காற்று, புறப்படும்போது கடல் ஈரத்தில் ஊறிய தென்மேல் பருவக்காற்று. நடுவில் மலைநாடு நிற்கிறது. காகிதத்தில் ஒரு கணக்குப் போடுவோம். மேற்குக் கரையில் 28 பாகை செல்சியஸ். மேலே ஏறும் காற்று விரிந்து, கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் குளிரும். 500 மீற்றரில் 23 பாகையாகி முகில் கட்டுகிறது என்று வைப்போம். இனித்தான் வேடிக்கை. ஆவி நீராகும்போது, முன்பு கடலில் ஆவியாக வாங்கிய வெப்பத்தைக் காற்றிடமே திருப்பிக் கொடுக்கிறது. அதனால் முகிலுக்குள் கிலோமீற்றருக்கு 5 பாகை அளவுதான் குளிரும். 2000 மீற்றர் உச்சியில் 15.5 பாகை. மழையை மேற்குச் சரிவில் நாவலப்பிட்டிப் பக்கம் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும் காற்றில் முகில் இல்லை; அமுங்கி அமுங்கி முழு 10 பாகை வீதம் சூடேறுகிறது. கீழே வந்து சேரும்போது 35.5! ஒரு கன மீற்றர் காற்று 20 பாகையில் சுமார் 17 கிராம் ஆவி கொள்ளும், 35இல் கிட்டத்தட்ட 40 கிராம். வந்திறங்கிய காற்றிலோ அதில் பாதிகூட இல்லை. அங்கே பெய்த மழையின் வெப்பம் இங்கே என் சுளகில் பூவைக் காய வைக்கிறது. எத்தனை முறை எழுதினாலும் இது எனக்கு அலுப்பதில்லை.

கச்சான் நோயைக் கொண்டுவரும் என்று எங்கள் பெரியம்மா யன்னலைச் சாத்துவா. நான் திறந்துவிடுவேன். சும்மா வீசும் இந்தக் காற்றை மணிக்கு மணி அளக்கக் காசு ஒதுக்கினால் என்ன?

கார்த்திகையில் வாடைக்காற்று வங்கக் கடலின் ஈரத்தோடு நேரே வருகிறது, வழியில் மலை கிடையாது. அப்போது பறிக்காமல் விடுங்கள்.

ஆனியில் காலையில் விரிந்ததும் பறித்து, பச்சைப் புல்லியையும் காம்பையும் கிள்ளிவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். விரலில் நொறுங்கினால் போத்தலில் அடைக்கலாம். சுடுநீரில் நாலைந்து இதழ் போட்டால் மங்கல் ஊதா. தேசிக்காய்ப் புளி விட்டதும் பளிச்சென்று சிவக்கும்.