இலையை மழை கழுவும், நெஞ்சை?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலை கிளினிக்குக்கு நடந்து போனபோது, எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கிடந்தன. வேரோடு நடைபாதை சிமெண்டும் பெயர்ந்து வந்திருந்தது. அடிமரம்வரை சிமெண்ட் பூசினால் வேர் எங்கே போய் ஊன்றும்?

நான் நுரையீரல் மருத்துவர். அந்த நிழலில் இளநீர் விற்றவர் அடுத்த கோடையில் என்னிடம் வந்தார். இரவெல்லாம் இருமல், நெஞ்சில் விசில் சத்தம். மரம் போனதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்; பல வருடப் பீடிப் பழக்கமும் இருந்தது. வாசல் பூவரசின் இலை ஒன்றைப் பறித்து ஈரப்பஞ்சால் துடைத்துக் காட்டினேன். பஞ்சு கருத்துவிட்டது.

"இலையை மழை கழுவிவிடும் டாக்டர், என் நெஞ்சை எது கழுவும்?" என்றார்.

அதற்கும் உடம்பில் ஏற்பாடு உண்டு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள், சளியில் சிக்கிய தூசியை ஓயாமல் மேலே தள்ளுகின்றன. பீடிப் புகை அவற்றை முடக்குகிறது. சளி உள்ளேயே தேங்குகிறது. பீடியை விட்டால் இழைகள் மெல்ல வேலைக்குத் திரும்பும். அப்போது சில வாரம் இருமல் கூடலாம். "விட்டதால்தான் இருமல்" என்று எண்ணி மறுபடி பற்றவைத்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்தச் சில வாரங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் இந்த இழைகளையும் தாண்டி நுரையீரலின் காற்றறைகள்வரை போய்விடும். இந்தத் துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 40. எனவே "வரம்புக்குள் இருக்கிறது" என்ற செய்தியைப் பார்த்து ஆஸ்துமா நோயாளிகள் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. கைக்குட்டையும் துணி முகக்கவசமும் இந்தத் துகள்களைச் சரியாகத் தடுக்காது. புகை நாட்களில் என்-95 அணியுங்கள். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கவே எரிக்காதீர்கள். அதற்கடுத்த நாட்களில் மூச்சு வாங்கியபடி வரும் குழந்தைகளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மரங்கள் எல்லாத் துகளையும் பிடித்துவிடாது. புகை கிளம்பும் இடத்திலேயே அதைக் குறைத்தாக வேண்டும். இருக்கிற மரத்தையாவது காப்பாற்றுவோம். வாசல் பூவரசைச் சுற்றியிருந்த சிமெண்டை இரண்டடி அகலத்துக்கு உடைத்தெடுக்கச் செய்தேன். உங்கள் தெருவில் நடைபாதை போடும்போது ஐந்து நிமிடம் அருகில் நில்லுங்கள். அடிமரத்தைச் சுற்றி மண் விடச் சொல்லுங்கள்.