செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை மரணங்கள்: சட்டம் தடுப்பது என்ன, குடும்பத்துக்குச் சேர வேண்டியது என்ன

செப்டிக் டேங்கிலோ மேன்ஹோலிலோ ஒருவர் விஷவாயு தாக்கி இறந்தால், வேலைக்கு அழைத்தவர் தரப்பிலிருந்து பெரும்பாலும் முதலில் வரும் பதில், 'நாங்கள் இறங்கச் சொல்லவில்லை, அவராகவே இறங்கிவிட்டார்' என்பதுதான். 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்த, கையால் மலம் அள்ளும் பணிக்கு அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் இந்தப் பதிலுக்கு அதிக இடம் கொடுக்கவில்லை. அதன் 7ஆம் பிரிவு, எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த முகமையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் அபாயகரமான முறையில் கழிவுநீர்க் குழாயையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய அமர்த்தக் கூடாது என்கிறது. 'எந்த நபரும்' என்ற சொல்லுக்குள் தன் வீட்டுத் தொட்டிக்கு ஆள் அழைக்கும் வீட்டு உரிமையாளரும் அடங்குவார் என்பதைப் பலர் வழக்கு வந்த பிறகே அறிகிறார்கள். பாதுகாப்புக் கருவிகளையும் சுத்தம் செய்யும் சாதனங்களையும் தராமல், பாதுகாப்பு முறைகள் பின்பற்றப்படுவதை உறுதி செய்யாமல் ஆளைக் கொண்டு செய்விக்கும் வேலையே அபாயகரமான சுத்தம் என்று சட்டம் வரையறுக்கிறது. இறங்கியவர் சம்மதித்தாரா என்பதை அந்த வரையறை கேட்பதில்லை. அமர்த்தியவர் தன் கடமையைச் செய்தாரா என்பதையே கேட்கிறது.

இதை மீறினால் முதல் முறை 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் சிறை 5 ஆண்டுகள் வரையும் அபராதம் 5 லட்சம் ரூபாய் வரையும் உயரும். பிணையில் வெளிவர இயலாத, காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது.

உரிய கருவிகளைக் கொடுத்துவிட்டால் மட்டும் ஆளை இறக்கிவிடலாம் என்றும் எண்ணக் கூடாது. இயந்திரம் செல்ல முடியாத இடத்தில் உடைந்து விழுந்த மூடியை எடுப்பது, புதிதாகப் போட்ட பெரிய குழாயைப் பழைய குழாயோடு இணைப்பது, கழிவுநீர் உறிஞ்சு கிணற்றின் அடியில் உள்ள நீர்மூழ்கி மோட்டாரை வெளியே எடுப்பது, மேன்ஹோலைத் திரும்பக் கட்டுவது போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே 2013ஆம் ஆண்டு விதிகள் ஆள் இறங்குவதை ஏற்கின்றன. வேறு எந்தச் சூழ்நிலையிலும், தவிர்க்கவே முடியாது என்றால், உள்ளாட்சி அமைப்பின் தலைமை அதிகாரி எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். வீட்டுச் செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது என்பது இந்த விலக்குகளில் ஒன்றாகாது.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கான காரணம் தொட்டிக்குள் இருக்கும் காற்றில் உள்ளது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 20.9 விழுக்காடு ஆக்சிஜன், 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த இடம் பாதுகாப்பற்றது என்பது தொழில் பாதுகாப்பில் ஏற்கப்பட்ட அளவு. பல நாட்கள் மூடிக் கிடந்த தொட்டியில் கழிவு அழுகும்போது ஆக்சிஜன் குறைகிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் சேர்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டியதும் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று ஒருவர் நினைக்கும் நொடியே மிக ஆபத்தான நொடியாக இருக்கக்கூடும். மூக்கில் கட்டும் துணியோ சாதாரண முகக்கவசமோ இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது. தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது மீத்தேனைப் பற்றவைக்கும்.

ஒருவர் மயங்கி விழுந்ததும் அவரைத் தூக்க அண்ணனோ கூட வேலை செய்பவரோ இறங்குவதும், அவரும் திரும்பாததும் இந்த விபத்துகளில் மீண்டும் மீண்டும் நடப்பது. இத்தகைய மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் காப்பாற்ற இறங்கியவர்களே என்று அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. உள்ளே செல்பவரின் இடுப்பு வாரில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நம் தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே எழுதிவைத்ததும் இதனால்தான்.

மரணம் நேர்ந்துவிட்டால் குடும்பத்துக்குரிய இழப்பீடு 30 லட்சம் ரூபாய். 2014 மார்ச் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20ஆம் நாள் அளித்த தீர்ப்பில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியதோடு, முன்பு இறந்தவர்களின் குடும்பத்தில் இன்னும் தொகை பெறாதவர்களுக்கும் இந்தப் புதிய அளவே பொருந்தும் என்றது. உயிர் பிழைத்து ஊனமுற்றால் குறைந்தது 10 லட்சம். நிரந்தரமாக ஊனமாகிப் பிழைப்புக்கு வழியற்றுப் போனால் குறைந்தது 20 லட்சம். இதைத் தர வேண்டிய பொறுப்பை நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகள் மேல் வைத்திருக்கிறது. ஆகவே ஒப்பந்ததாரர் தலைமறைவாகிவிட்டார் என்பதோ, வீட்டு உரிமையாளருக்கு வசதியில்லை என்பதோ குடும்பத்துக்குச் சொல்லத்தக்க காரணம் அல்ல. துக்க வீட்டில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து வழக்கு வேண்டாம் என்று எழுதி வாங்க வருபவர்களிடம் கையெழுத்திடும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நடைமுறையில் எல்லாமே முதல் தகவல் அறிக்கையில் தொடங்குகிறது. 'தவறி விழுந்து இறந்தார்' என்று பதிவானால் பின்னர் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்லித் திரிய நேரும். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது இறந்தார் என்பதும், யார் அழைத்தார்கள் என்பதும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளும் அதில் இருக்கின்றனவா என்று அன்றே பார்க்க வேண்டும். இறந்தவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்துமா என்று கேட்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் எழுந்தாக வேண்டும் என்பதால், காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது வழக்கையே இழக்கச் செய்யலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு மனுவை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். இச்சட்டத்துக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் ஆட்சியரே தலைவர்.

உயிரோடு இருப்பவர்களுக்கான ஏற்பாடாக 2023–24 முதல் மத்திய அரசின் நமஸ்தே திட்டம் இருக்கிறது. இதில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் சாக்கடை, செப்டிக் டேங்க் பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகள், பயிற்சி, ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு ஆகியவையும், கழிவு உறிஞ்சும் வாகனம் போன்றவற்றைச் சொந்தமாக வாங்க மானியமும் உண்டு. தொட்டி நிரம்பிய வீட்டார் 14420 என்ற உதவி எண்ணை அழைத்து உறிஞ்சு வாகனம் கேட்கலாம். அந்த வாகனத்தோடு வந்தவர்களும் அடியில் தங்கிய கசடை வாளியால் அள்ள உள்ளே இறங்கப் பார்த்தால், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் வேலைக்கு அழைத்தவரே; சட்டத்தின் கண்ணில் அந்த நேரத்தில் அவர்தான் அமர்த்தியவர்.