பழைய படத்தைத் துடைப்பதற்கு முன்

பழைய புகைப்படங்களைச் சீர்செய்து பாதுகாப்பது என் தொழில். படத்தைக் கொண்டுவருபவர்கள் அநேகமாகக் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் துடைச்சு, தெளிவாக்கிக் கொடுங்க." ஒரு குடும்பம் தன் முன்னோரை அந்த ஒரே படத்தை வைத்துத்தான் அறிந்திருக்கும். அதனால், துடைப்பதற்கு முன் படம் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

1839 ஆகஸ்டில், பிரெஞ்சுக்காரர் லூயி டாகேர் உருவாக்கிய படமெடுக்கும் முறை பாரிஸில் பகிரங்கமாக விளக்கப்பட்டது. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்துப் படமெடுத்து, பாதரச ஆவியில் உருவத்தை வரவழைப்பார்கள். இதுதான் டாகேரோடைப். நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரு படம், அவ்வளவுதான். உருவம் தகட்டின் மேற்பரப்பில் நுண்துகள்களாக நிற்கும். பஞ்சு பட்டாலே கலைந்துவிடும். ஓரத்தில் நீலமும் பழுப்புமாகப் படர்வது வெள்ளி கறுத்துப்போவதன் அடையாளம். அதை அழுக்கு என்று நினைத்து, தகட்டை மூடியிருக்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிடுகிறார்கள். அப்படித் துடைத்த தகடு ஒன்று என்னிடம் வந்தது. கோட்டுப் பொத்தான்கள், மடியில் வைத்த கை, விரல் நகம் வரை துல்லியமாக இருந்தன. முகம் இருந்த இடத்தில் கீறல்கள் மட்டுமே.

முகம் அப்படியே இருந்தாலும் அதை நேரடிச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர், கொலோடியன் என்ற பசைத் திரவத்தைத் தகட்டில் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். மெல்லிய இரும்புத் தகட்டில் எடுக்கும் மலிவான டின்டைப் படங்களும் அதை வைத்தே வந்தன. இவற்றில் இடமும் வலமும் மாறித் தெரியும். அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி த கிட் இடதுகைப் பழக்கம் உள்ளவன் என்று உலகமே வெகுகாலம் நம்பியதற்குக் காரணம், 1880 வாக்கில் எடுத்த ஒரு டின்டைப். அவன் பிடித்திருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாய் வலப்பக்கம் இருக்க வேண்டும்; படத்தில் அது இடப்பக்கம் தெரிகிறது.

நிறத்தில் வரும் பிழை இதைவிடப் பெரிது. கொலோடியன் நீல ஒளிக்கும் புறஊதாவுக்கும்தான் வேலை செய்யும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. எனவே நீலக் கண்கள் வெளிறிப்போகும், சிவந்த முகம் கறுத்துத் தெரியும், லேசான மச்சங்கள்கூடத் திட்டுத் திட்டாக விழும். "தாத்தா இவ்வளவு கறுப்பா?" என்று படத்தைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அது ரசாயனம் சொல்லும் கதை என்பதுதான்.

இதே கருவியை யார் கையில் வைத்திருந்தார்கள் என்பதும் முக்கியம். 1850இல் விஞ்ஞானி லூயி அகாசிஸ், அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களின் ஆடையைக் களைய வைத்து டாகேரோடைப் எடுக்கச் செய்தார். இனங்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு என்று நிறுவுவதற்காக! அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸோ, தானே விரும்பிப் போய்க் கேமரா முன் உட்கார்ந்தார், நல்ல கோட்டு அணிந்து, சிரிக்காமல், நேராகப் பார்த்து. வெள்ளையர் வரையும் ஓவியங்கள் கறுப்பின முகங்களைத் திரிக்கின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவருடைய படங்கள் சுமார் 160 கிடைத்துள்ளன. அந்த நூற்றாண்டில் அவரைவிட அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பது ஓர் உரிமை. அதை அவர் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்.

சரி, இப்போது செயலிகள் பழைய படத்துக்கு நொடியில் வண்ணம் பூசிவிடுகின்றன. ஏற்கெனவே பிசகிய சாம்பல் நிறத்தைப் பார்த்து அவை தோலின் நிறத்தை ஊகிக்கின்றன. அப்புறம் அந்த ஊகம்தான் குடும்பக் குழுக்களில் "அசல்" என்று சுற்றுகிறது. வண்ணம் பூச ஆசைப்பட்டால் தடுக்கவில்லை. முதலில் படத்தை உள்ளது உள்ளபடியே பிரதியெடுத்துத் தனியாகச் சேமித்துவையுங்கள். மாற்றிய பிரதியில் "வண்ணம் பின்னால் சேர்த்தது" என்று எழுதுங்கள். டாகேரோடைப்பின் கண்ணாடியையும் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தையும் எந்தக் காரணத்துக்கும் நீங்களாகப் பிரிக்காதீர்கள்.